தலசீமியா குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று: மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் பெற்றோர் செய்ய வேண்டியவை

தலசீமியா மேஜர், அதாவது ரத்தம் சரியாக உருவாகாததால் தொடர்ந்து ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை நோய், என்று உறுதியான குழந்தையை மஜ்ஜை மாற்று மருத்துவரிடம் எப்போது காட்ட வேண்டும்? நோய் உறுதியான அதே மாதத்தில். ஆனால் ஏழெட்டு வருடம் ரத்தம் ஏற்றி, கல்லீரல் வீங்கி, வேறு வழி தெரியாமல் வருகிற குடும்பங்கள்தான் நம் ஊரில் அதிகம். அதற்குள் உடம்பில் சேர்ந்துவிட்ட இரும்பு, சிகிச்சையின் ஆபத்தைப் பல மடங்கு கூட்டியிருக்கும். சீக்கிரம் போனால் உடனே மாற்று செய்துகொண்டே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப்போவதில்லை. யோசித்து முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். இது குழந்தையின் எலும்பை வெட்டிச் செய்யும் அறுவை சிகிச்சை இல்லை. பழுதான ரத்த அணுக்களை உண்டாக்கும் மஜ்ஜையைக் கீமோ மருந்தால் அழித்துவிட்டு, பொருந்தும் ஒருவரின் ரத்த மூல அணுக்களை டிரிப் மூலம் நரம்பில் ஏற்றுவார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் போய்த் தங்கி, புது ரத்தம் உண்டாக்கத் தொடங்கும். 1968ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத ஓர் ஆண் குழந்தைக்கு அக்காவின் மஜ்ஜையைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். தலசீமியாவுக்கு 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலிலும் இத்தாலியின் பெசரோவிலும் வெற்றி கிடைத்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986லிருந்தே மஜ்ஜை மாற்று நடந்துவருகிறது. உடன்பிறந்தவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்தி, குழந்தையும் நல்ல நிலையில் இருந்தால், நூற்றுக்கு 80 முதல் 90 குழந்தைகள் வரை தலசீமியாவிலிருந்து விடுபடுகிறார்கள். அந்த "நல்ல நிலை" பெற்றோர் கையிலும் இருக்கிறது.

முதல் படி: ஃபைலைத் தயார் செய்யுங்கள்

மருத்துவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைலில் பதில் இருக்க வேண்டும். முதல் ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த ஹீமோகுளோபின் எச்.பி.எல்.சி. அறிக்கை (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை), அப்பா அம்மா இருவரின் எச்.பி.எல்.சி. அறிக்கை, பீட்டா குளோபின் மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த ஃபெரிட்டின் அளவுகள் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கல்லீரல் பரிசோதனைகள், ஹெப்படைடிஸ் பி, சி மற்றும் எச்.ஐ.வி. முடிவுகள், தடுப்பூசி அட்டை.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். ரத்தம் ஏற்றிய ஒவ்வொரு தேதி, ஏற்றுவதற்கு முன் இருந்த ஹீமோகுளோபின், எத்தனை மில்லி ஏற்றினார்கள், அன்று குழந்தையின் எடை, காய்ச்சலோ அரிப்போ வந்ததா என்று எழுதிவையுங்கள். ஒரு வருடக் கணக்கைப் பார்த்தாலே குழந்தைக்குத் தேவைக்கு மேல் ரத்தம் போகிறதா, மண்ணீரல் அணுக்களை விழுங்குகிறதா என்று மருத்துவருக்குப் புரிந்துவிடும். முந்தைய மருத்துவமனையின் பில்லை விட இந்த நோட்டு நூறு மடங்கு உதவும்.

இரண்டாம் படி: எச்.எல்.ஏ. பரிசோதனை

மஜ்ஜை பொருந்துகிறதா என்று பார்ப்பது எச்.எல்.ஏ. பரிசோதனையில். எச்.எல்.ஏ. என்பது அணுக்களின் மேலிருக்கும் அடையாளப் புரதங்கள். ரத்த வகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழந்தை ஓ பாசிட்டிவ், அண்ணன் பி பாசிட்டிவ் என்றாலும் மாற்று செய்யலாம். சில மாதங்களில் குழந்தையின் ரத்த வகையே அண்ணனுடையதாக மாறிவிடும்.

ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் இன்னொன்றோடு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. உடன்பிறந்தவர் ஒருவர் என்றால் 25 சதவீதம், இருவர் என்றால் ஏறத்தாழ 44, மூவர் என்றால் 58. நெருங்கிய உறவில் திருமணம் செய்த குடும்பங்களில் அப்பா அம்மாவே பொருந்துவதும் உண்டு. மாமன் மகள், அக்காள் மகள் என்று முடிக்கும் நம் பக்கத்தில் பெற்றோரையும் பரிசோதிக்காமல் விடக் கூடாது. உடன்பிறந்தவர் தலசீமியா மைனராக, அதாவது நோயைச் சுமப்பவராக மட்டும் இருந்தால், தாராளமாகக் கொடுக்கலாம். மேஜராக இருந்தால் முடியாது.

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கும் மாதிரியே முதல் பரிசோதனைக்குப் போதும். தலசீமியா குடும்பங்களுக்கு இதை இலவசமாகச் செய்துதரும் திட்டத்தை டி.கே.எம்.எஸ். அமைப்பு இந்தியாவில் நடத்துகிறது. ரத்தம் ஏற்றும் மையத்தில் கேளுங்கள். பொருத்தம் வந்தால் இன்னொரு புது மாதிரி எடுத்து உறுதி செய்வார்கள். குழாய் மாறிப்போகும் தவறு எந்த ஆய்வகத்திலும் நடக்கலாம் என்பதால் இந்த இரண்டாவது பரிசோதனையைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள்.

வீட்டில் யாரும் பொருந்தவில்லையா? ரத்த மூல அணுக் கொடையாளர் பதிவேடுகளில் தேடலாம். சென்னையில் தொடங்கிய தாத்ரி அவற்றில் ஒன்று. எச்.எல்.ஏ. வகைகள் பரம்பரையோடும் சமூகத்தோடும் வருவதால், இந்தியக் குழந்தைக்கு இந்தியக் கொடையாளரிடம்தான் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பார்க்கும் பத்து எச்.எல்.ஏ. அடையாளங்களில் பத்தும் பொருந்தினால் அதைத்தான் முதலில் யோசிப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ எடுக்கும் பாதிப் பொருத்த மாற்று. ஒட்டாமல் போவதும் கிருமித் தொற்றும் இதில் கூடுதல். இந்த வகையில் நல்ல அனுபவம் உள்ள இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

தொப்புள்கொடி ரத்த வங்கிகளின் முகவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தில் அதே பழுதான மரபணுதான் இருக்கிறது, அதை வைத்து அதன் தலசீமியாவைக் குணப்படுத்த முடியாது. அடுத்து பிறக்கும் தம்பியோ தங்கையோ பொருந்தினால் அவர்களுடையது உதவும். அந்தக் கர்ப்பத்திலேயே பத்து முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கருவுக்கு நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: இரும்பைக் குறையுங்கள்

இந்தப் படியில்தான் குடும்பங்கள் அதிகம் சறுக்குகின்றன. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒருமுறை 300 மில்லி சிவப்பணு ஏற்றினால் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. உடம்பு தானாக வெளியேற்றுவது ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் அளவுதான். மீதி கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படியும். குழந்தை ஓடியாடித் திரிவதால் பெற்றோருக்கு இது தெரியாது. மாத்திரை கசக்கிறது, விலை அதிகம், வயிறு வலிக்கிறது என்று நிறுத்திவிடுவார்கள்.

மஜ்ஜை மாற்று மருத்துவர் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்: விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் 2 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறதா, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறதா. மூன்றும் நன்றாக இருந்தால் முதல் வகுப்பு, மூன்றுமே கெட்டிருந்தால் மூன்றாம் வகுப்பு. பெசரோ மருத்துவர்கள் வகுத்த முறை இது. இந்தியக் குழந்தைகளில் மூன்றாம் வகுப்புக்காரர்களே அதிகமாக இருந்ததால் வேலூர் மருத்துவர்கள் அதற்குள்ளும் ஒரு கோடு கிழித்தார்கள்: 7 வயதும் அதற்கு மேலும் ஆகி, கல்லீரலும் 5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் ஆபத்து மிக அதிகம். அந்த வயது வரை காத்திருக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது:

- ரத்தம் ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9க்குக் கீழே போக விடாதீர்கள். 6, 7 வரை இழுத்தடித்தால் மஜ்ஜை வீங்கி முகவெட்டு மாறும், மண்ணீரல் பெரிதாகும், பிறகு ரத்தம் இன்னும் அதிகம் தேவைப்படும்.
- இரும்பு நீக்கும் மருந்து டெஃபராசிராக்ஸ் கரையும் மாத்திரை என்றால் தண்ணீரிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ முழுதும் கரைத்து, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில், தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். டம்ளரின் அடியில் தங்கியதையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடிக்கவையுங்கள். பாலில் கலக்காதீர்கள். எடை ஏறும்போது அளவும் ஏற வேண்டும். இரண்டு வருடம் ஒரே மாத்திரையில் ஓடும் குழந்தைகள் ஏராளம்.
- இன்னொரு இரும்பு நீக்கும் மருந்தான டெஃபெரிப்ரோன் கொடுத்தால் வெள்ளையணு திடீரென்று விழலாம். காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே கவுண்ட் (ரத்த அணு எண்ணிக்கை) பாருங்கள்.
- ஃபெரிட்டின் எண் சளிக் காய்ச்சலிலும் ஏறும். ஒரு அறிக்கையை வைத்து முடிவெடுக்காமல் ஆறு மாதப் போக்கைப் பாருங்கள். வசதி இருந்தால், உறுப்புகளில் படிந்த இரும்பை அளக்கும் டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது. இதயத்தில் அந்த எண் 20 மில்லி செகண்டுக்கு மேல் இருக்க வேண்டும்.

ரத்தத்தைப் பற்றி இன்னொன்று. அப்பா, அம்மா, சித்தப்பா, அண்ணன் என்று சொந்தங்கள் இந்தக் குழந்தைக்காக நேரடியாக ரத்தம் கொடுக்கக் கூடாது. பாசத்தில் கொடுப்பதுதான், ஆனால் குழந்தையின் உடம்பு அந்தக் குடும்ப அணுக்களை எதிரியாகப் பழகிக்கொள்ளும். பிறகு அதே குடும்பத்திலிருந்து வரும் மஜ்ஜையைத் தள்ளிவிட வாய்ப்பு கூடும். சொந்தக்காரர்கள் வங்கிக்குக் கொடுக்கட்டும், அது வேறு யாருக்காவது போகட்டும். குழந்தைக்கு வெள்ளையணு வடிகட்டிய ரத்தமாகக் கேளுங்கள்.

நான்காம் படி: மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது

குழந்தைகளுக்கான மஜ்ஜை மாற்று மருத்துவர் என்றால், எம்.பி.பி.எஸ்., குழந்தைகள் நல எம்.டி. அல்லது டி.என்.பி. முடித்து, அதன்மேல் குழந்தைகள் ரத்தநோய், புற்றுநோய்த் துறையில் மேற்பயிற்சி பெற்றவர். டி.எம். ரத்தவியல் படித்த நிபுணர்கள் செய்யும் மையங்களும் உண்டு. ஆனால் பட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்கும் டூட்டி டாக்டர், நரம்பில் பொருத்திய குழாயைத் தொடும் நர்ஸ், கதிரூட்டிய (கதிர்வீச்சால் வெள்ளையணுக்களைச் செயலிழக்கவைத்த) பிளேட்லெட் தரும் ரத்த வங்கி, குழந்தைகள் ஐ.சி.யு. எல்லாம் நன்றாக இருந்தால்தான் அந்த மருத்துவரும் நன்றாகச் செய்ய முடியும்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். தலசீமியாவுக்கு இந்த மையத்தில் வருடத்துக்கு எத்தனை மாற்று? எங்கள் குழந்தை எந்த வகுப்பு? அந்த வகுப்பில் இங்கே எத்தனை குழந்தைகள் குணமானார்கள், எத்தனை பேருக்கு ஒட்டவில்லை, எத்தனை பேர் இறந்தார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்க நாக்கு எழாது. கேட்டே ஆக வேண்டும். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார், எண்ணைச் சொல்லி விளக்குவார். "நூறு சதவீதம் கியாரண்டி" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கொடையாளரான குழந்தையைத் தனியாக வேறொரு மருத்துவர் பார்ப்பாரா என்றும் கேளுங்கள். ஒரே மருத்துவர் இரண்டு குழந்தைகளின் நலனையும் எடைபோடுவது சரியல்ல.

கருத்தரிப்பு பற்றியும் இப்போதே பேச வேண்டும். பூசல்ஃபான் போன்ற கீமோ மருந்துகள் சினைப்பையையும் விந்தையும் பாதிக்கும். பூப்பெய்திய வயதுப் பையன் என்றால் விந்தணுவைச் சேமிக்கலாம். சிறுமிகளுக்குச் சினைப்பைத் திசுவைச் சேமிக்கும் வசதி சில இடங்களில் இருக்கிறது. கீமோ தொடங்கிய பிறகு இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

ஐந்தாம் படி: பணம்

பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால் தனியார் மருத்துவமனைகளில் பொதுவாக 10 முதல் 15 லட்சம் வரை தொகுப்புக் கட்டணம் சொல்வார்கள். பாதிப் பொருத்தம் என்றால் இரட்டிப்பாகலாம். தொகுப்பில் எத்தனை நாள் அறை வாடகை அடங்கும், பூஞ்சைக்கும் வைரஸுக்கும் கொடுக்கும் விலையுயர்ந்த மருந்துகள் அடங்குமா, பிளேட்லெட் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். இந்த மூன்றில்தான் பில் எகிறும். வீடு திரும்பிய பிறகும் ஆறு மாதத்துக்கு மருந்து, பரிசோதனை, மருத்துவமனைப் பக்கத்தில் வாடகை வீடு என்று செலவு ஓடும். அதைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

உதவிக்கு வழிகள்: தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், கோல் இந்தியா நிறுவனம் 2017ல் தொடங்கிய தலசீமியா பால் சேவா யோஜனா (தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில் 10 லட்சம் வரை), பிரதமரின் தேசிய நிவாரண நிதி. வருமானம், வயது, கொடையாளர் யார் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதம் ஆகியவற்றோடு மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று டாக்டரை விட அவருக்கே தெரியும். அனுமதிக்கு வாரக் கணக்கில் ஆகலாம், அதனால் அட்மிஷன் தேதிக்கு முன்பே தொடங்குங்கள்.

ஆறாம் படி: அட்மிஷனுக்கு முந்தைய மாதம்

குழந்தையின் பல்லைக் காட்டி, சொத்தைப் பல் இருந்தால் இப்போதே அடைக்கவோ பிடுங்கவோ வேண்டும். வெள்ளையணு பூஜ்ஜியமாகும்போது அந்தச் சொத்தைதான் கிருமியின் வாசல். காது குத்து, மொட்டை போன்ற நேர்த்திக்கடன்களைத் தள்ளிப்போடுங்கள். கையில் கட்டிய மந்திரித்த கயிற்றை அவிழ்த்து வீட்டுச் சாமி படத்தில் வையுங்கள். ஈரம் கோத்துக்கொண்டு தோலில் பூஞ்சை வளர்க்கும்.

பிளேட்லெட் கொடையாளர்கள் பத்துப் பதினைந்து பேரைப் பெயர், ரத்த வகை, ஃபோன் எண்ணோடு பட்டியலிடுங்கள். இது இயந்திரத்தில் ஒருவரிடமிருந்தே எடுக்கும் பிளேட்லெட். ஒரு முறைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். 18 வயதுக்கு மேல், 50 கிலோவுக்கு மேல், கையில் நல்ல நரம்பு, மூன்று நாளாக ஆஸ்பிரின் சாப்பிடாதவர். நண்பர்கள், அலுவலகத்தார், கல்லூரி மாணவர்களைக் கேளுங்கள். ஏற்றும் ஒவ்வொரு பையும் கதிரூட்டியதுதானா என்று லேபிளைப் பாருங்கள். கதிரூட்டாவிட்டால் அதில் உயிரோடிருக்கும் வெள்ளையணுக்கள் எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தையைத் தாக்கும்.

அறையில் குழந்தையோடு தங்குவது யார் என்றும் முடிவு செய்யுங்கள். ஒருவர்தான். நாளுக்கு ஒருவர் மாறினால் கிருமிக்கும் வாய்ப்பு, நர்ஸ் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமல் போவதற்கும் வாய்ப்பு. தங்குபவர் சளி, இருமல், அக்கி இல்லாதவராக இருக்க வேண்டும்.

ஏழாம் படி: அறைக்குள்

காற்றிலுள்ள தூசியையும் கிருமியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய அறை. கதவு திறந்தால் காற்று உள்ளிருந்து வெளியேதான் போகும்படி அமைத்திருப்பார்கள். அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசக் கூடாது. கழுத்துக்குக் கீழே பெரிய நரம்பில் ஹிக்மன் லைன் என்ற மெல்லிய குழாயைப் பொருத்துவார்கள். மருந்து, ரத்தம், பரிசோதனை எல்லாம் அதன் வழியே. குழந்தை பிடித்து இழுக்காதபடி பனியனுக்குள் சுருட்டி வையுங்கள். ஒட்டுப் பிளாஸ்திரி நனைந்தாலோ தூக்கிக்கொண்டாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், நீங்களே ஒட்டாதீர்கள்.

நாட்களை மைனஸில் எண்ணுவார்கள். மஜ்ஜை ஏற்றும் நாள் 0. அதற்கு முந்தைய வாரம் முழுதும் கீமோ. எந்த மருந்து என்பது மையத்தையும் குழந்தையின் வகுப்பையும் பொறுத்தது. ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் செய்யக்கூடிய வேலை உண்டு. தயோடெப்பா வியர்வையில் வெளியேறித் தோலைப் பொசுக்கும். மருந்து போகும் நாளிலும் அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாளிலும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெறும் தண்ணீரில் குளிப்பாட்டி, விரிப்பையும் துணியையும் மாற்ற வேண்டும். எண்ணெய், பவுடர், கிரீம் கூடாது. இரவு மூன்று மணிக்கு எழுப்பிக் குளிப்பாட்டப் பாவமாக இருக்கும், அப்படியே விட்டால் அக்குளும் தொடையிடுக்கும் கறுத்து உரியும். பூசல்ஃபான் போகும்போது வலிப்பு வராமலிருக்கத் தனி மருந்து தருவார்கள், அதில் ஒரு வேளையும் தவறக் கூடாது. சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையை அரிக்கும். குழந்தை அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், நிறம் சிவந்தால் உடனே சொல்ல வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஏ.டி.ஜி. மருந்து ஏறும்போது குளிரும் காய்ச்சலும் வருவது சகஜம்.

கொடையாளரான குழந்தைக்கு நாள் 0 அன்று மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசியால் மஜ்ஜை எடுப்பார்கள். கொடையாளரின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் எடுப்பதில்லை. 12 கிலோ தங்கையிடம் அதிகபட்சம் 240 மில்லி. அதனால் பெரிய அண்ணனுக்குச் சின்னத் தங்கை கொடுக்கும்போது அணுக்கள் போதுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். வெட்டு, தையல் எதுவும் இல்லை. இரண்டு மூன்று நாள் இடுப்பு வலிக்கும், சில வாரம் இரும்புச் சத்து மருந்து, எடுத்த மஜ்ஜை மறுபடியும் ஊறிவிடும். கையிலிருந்து இயந்திரத்தில் எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் தலசீமியா போன்ற நோய்களில் இடுப்பெலும்பு மஜ்ஜையையே மருத்துவர்கள் விரும்புகிறார்கள், நாட்பட்ட ஜி.வி.எச்.டி. (கொடையாளரின் அணுக்கள் குழந்தையின் உடம்பைத் தாக்குவது) குறையும் என்பதால். அந்தக் குழந்தையிடம் என்ன நடக்கப்போகிறது என்று அதன் வயதுக்கேற்பச் சொல்லுங்கள். பின்னால் எது நடந்தாலும் "நீ கொடுத்தது சரியில்லை" என்ற பேச்சு வீட்டில் எழவே கூடாது.

மஜ்ஜை ஏறுவது ரத்தம் ஏறுவது மாதிரியேதான். சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கவுண்ட் விழுந்திருக்கும் நாட்கள்

அடுத்த இரண்டு மூன்று வாரம்தான் கடினம். வெள்ளையணு பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். வாயிலிருந்து குடல் வரை புண்ணாகி, எச்சிலைக்கூட விழுங்க முடியாது. வலிக்கு மார்ஃபின் தந்தால் பயப்படாதீர்கள். இந்த வலிக்கு அது தேவை, குழந்தை அடிமையாகாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை உப்பு-சோடா நீரிலோ அவர்கள் தரும் மவுத்வாஷிலோ வாய் கொப்பளிக்க வேண்டும். சாப்பிட முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகவோ நரம்பு வழியாகவோ சத்து போகும். "ஒரு வாய் ரசம் சாதம் ஊட்டிவிடலாமே" என்று வற்புறுத்தாதீர்கள்.

காய்ச்சல் 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் உடனே சொல்லுங்கள். ரத்தக் கல்ச்சர் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். வெப்பநிலையை அக்குளில் பாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர், எனிமா, மலம் இளக்கும் வில்லை எதுவும் கூடாது. கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்து, கிருமி வளர்ந்துகொண்டிருக்கும்.

தினம் இரண்டு முறை எடை பார்ப்பார்கள், வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளப்பார்கள். சடங்குக்காக இல்லை. எடை திடீரென்று ஏறி, வலது விலாவுக்குக் கீழே வலித்து, கண் மஞ்சளானால் கல்லீரலின் சிறு ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன என்று பொருள். இரும்பு சேர்ந்த கல்லீரலில் இது அதிகம் வரும். டெஃபிப்ரோடைடு என்ற மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் பலன் உண்டு. குடித்த தண்ணீர், போன சிறுநீர் எல்லாவற்றையும் மில்லிக் கணக்கில் எழுதும் வேலை உங்களுடையது. சிந்தியதை மறைக்காமல் எழுதுங்கள்.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை 500ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால் மஜ்ஜை ஒட்டிவிட்டது என்று அறிவிப்பார்கள். பெரும்பாலும் 15 முதல் 25ஆம் நாளுக்குள். பிளேட்லெட் அதன் பிறகு மெதுவாக ஏறும்.

வீட்டில், 100ஆம் நாள் வரை

கவுண்ட் ஏறியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கவனம் தளர்வது இந்தக் கட்டத்தில்தான். அணுக்களின் எண்ணிக்கை வந்துவிட்டது, எதிர்ப்பு சக்தி வரவில்லை. மருத்துவமனைக்கு அரை மணி நேரத்தில் போகக்கூடிய இடத்தில் வீடு பாருங்கள். குடிபோகும் முன் சுண்ணாம்பு, பெயின்ட், தச்சு வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். செடித் தொட்டி, புறாக் கூண்டு, பக்கத்தில் கட்டட இடிப்பு இருந்தால் அந்த வீடு வேண்டாம். மண்ணிலும் தூசியிலும் உள்ள பூஞ்சை விதைகள் நுரையீரலில் இறங்கும்.

ஜி.வி.எச்.டி. என்பது புதிதாக வந்த அணுக்கள் குழந்தையின் உடம்பைத் தாக்குவது. உள்ளங்கை, உள்ளங்கால், காது மடல் சிவந்து அரிப்பது, பச்சையாகத் தண்ணீர் போல் வயிற்றுப்போக்கு, கண் மஞ்சள் ஆகியவை அறிகுறிகள். மருத்துவமனையின் இரவு எண்ணுக்கு அப்போதே அழையுங்கள், அடுத்த ஓ.பி. நாள் வரை பொறுக்காதீர்கள்.

இதைத் தடுக்கத்தான் சைக்ளோஸ்போரின். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்து. திரவ மருந்து என்றால் கண்ணாடி டம்ளரில் கலக்குங்கள், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் அளவு பார்க்கும் நாளில் காலை மருந்தைக் கொடுக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் எடுத்த பிறகு கொடுங்கள். வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும், மருத்துவர் மருந்தைக் குறைப்பார், அடுத்த வாரம் ஜி.வி.எச்.டி. வரும். பம்பளிமாஸ் பழம் இந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும், கொடுக்கக் கூடாது. நிலவேம்புக் கஷாயம், லேகியம், வேறு டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக் எதையும் மஜ்ஜை மாற்று மருத்துவரிடம் கேட்காமல் தராதீர்கள். கடும் தலைவலி, பார்வை மங்கல், ரத்த அழுத்தம் எகிறுவது, வலிப்பு ஆகியவை இந்த மருந்தால் வரக்கூடியவை. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முகத்தில் முடி வளர்வதும் கை லேசாக நடுங்குவதும் மருந்து நின்றதும் போய்விடும்.

சாப்பாட்டில் விதி ஒன்றுதான்: அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு. இட்லி, இடியாப்பம், குக்கரில் வெந்த பொங்கல், பருப்பு சாதம் நல்லவை. பச்சைத் தேங்காய்ச் சட்னி, பச்சடி, வெட்டி வைத்த பழம், கடைப் பழச்சாறு, தேன் வேண்டாம். மிளகுத்தூள், இட்லிப்பொடி ஆகியவற்றை மேலே தூவக் கூடாது. மிளகில் பூஞ்சை விதை இருக்கும், கொதிக்கும்போதே சேர்த்தால் பரவாயில்லை. தயிர் எப்போது என்பதில் மையத்துக்கு மையம் விதி மாறும், உங்கள் மையம் சொன்னதைப் பின்பற்றுங்கள். தண்ணீர் கொதித்து ஆறியது, அன்றன்று காய்ச்சியது.

சி.எம்.வி. வைரஸ் நம் நாட்டில் பெரும்பாலானவர்களின் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பு சக்தி இல்லாதபோது விழித்துக்கொள்ளும். அதற்கான பி.சி.ஆர். பரிசோதனை வாரா வாரம். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு வாரம் விட்டுவிடாதீர்கள். அறிகுறி தெரியும்போது வைரஸ் நுரையீரலுக்கோ குடலுக்கோ போயிருக்கும்.

பலரும் அறியாத ஒன்று: வீட்டில் உள்ள மற்றக் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கக் கூடாது. அந்த உயிருள்ள வைரஸ் மலத்தில் வெளியேறி நோயாளிக் குழந்தைக்குப் பரவலாம். போலியோ முகாம் நாளில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் விவரத்தைச் சொல்லி, ஊசியாகப் போட ஏற்பாடு செய்யுங்கள். பெரியவர்களும் மற்றக் குழந்தைகளும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளட்டும்.

அதற்குப் பிறகு

கைமெரிசம் பரிசோதனையில் ரத்தத்தில் எத்தனை சதவீதம் கொடையாளருடையது என்று தெரியும். 100 இல்லையே என்று கலங்க வேண்டாம். தலசீமியாவில் 20, 30 சதவீதத்தில் நிலைத்து, ரத்தம் ஏற்றாமலே வாழும் குழந்தைகள் உண்டு. எண் ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டே வந்தால்தான் கவலை. அப்போது மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பது நுணுக்கமான முடிவு, மஜ்ஜை மாற்று மருத்துவரே எடுக்க வேண்டும்.

சைக்ளோஸ்போரினை வழக்கமாக ஆறு மாதத்துக்குப் பிறகு சிறுகச் சிறுகக் குறைத்து, ஒரு வருடத்துக்குள் நிறுத்துவார்கள். பழைய தடுப்பூசிகளின் பலன் அழிந்துபோயிருக்கும். உயிரற்ற தடுப்பூசிகளை ஆறாம் மாதவாக்கில் மறுபடி தொடங்கலாம். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்கு இரண்டு வருடமாவது ஆக வேண்டும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகளும் நின்றிருக்க வேண்டும். பள்ளிக்கு எப்போது என்பதை மருந்து நின்ற பிறகு மருத்துவர் சொல்வார். வகுப்பில் யாருக்காவது அம்மை கண்டால் அன்றே தெரிவிக்கும்படி ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

தலசீமியா போனாலும் பழைய இரும்பு போகாது. ஹீமோகுளோபின் நிலைத்ததும் மாதத்துக்கு ஒருமுறையோ இரு முறையோ கொஞ்சம் ரத்தத்தை வெளியே எடுத்தோ, மாத்திரையாலோ இரும்பை இறக்குவார்கள். குணமாகிவிட்டதே, நல்ல ரத்தத்தை ஏன் எடுக்கிறார்கள் என்று பாட்டி தாத்தா தடுப்பார்கள். காரணத்தை அவர்களுக்கும் விளக்கிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை உயரம், எடை, தைராய்டு, சர்க்கரை, பூப்பு வளர்ச்சி, இதயம், கல்லீரல், கண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்தப் பட்டியலையும், கொடுத்த கீமோ மருந்துகளின் பெயர், அளவையும் மாற்று செய்த மையத்திடம் எழுதி வாங்கி, ஒரு பிரதியை உள்ளூர் குழந்தை மருத்துவரிடம் கொடுங்கள். ரத்த வகை மாறியிருந்தால் பள்ளி அட்டையிலும் அதைத் திருத்திவிடுங்கள்.